அறையின் சத்தம்

மெத்னிக் ஊர்க் கலாச்சார மண்டபத்தில் சினிமா போட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. அன்று உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். நம் செம்பு உருக்காலையைப் பற்றிய ஆவணப்படமாம், பெல்கிரேடுக்காரி ஒருத்தி எடுத்ததாம், வெளிநாட்டில் பரிசு வாங்கியதாம் என்று கேள்விப்பட்டு வந்த கூட்டம். அந்தப் பெல்கிரேடுக்காரி டுன்யா, கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டு திரையைப் பார்க்காமல் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு தலைக்கே அவள் பார்வை திரும்பத் திரும்பப் போனது.

அது ஸ்தோயானின் தலை. ஆலையில் புகையை வடிகட்டும் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்தவர். காசை மிச்சம் பிடிக்க வடிகட்டியை அடிக்கடி நிறுத்திவைக்கச் சொல்கிறார்கள், அந்த விஷத்தைத்தான் ஊரே சுவாசிக்கிறது என்று கேமராவுக்கு முன்னால் சொல்லத் துணிந்த ஒரே ஆள்.

"முகம் வரக்கூடாது, குரல் வரக்கூடாது, பேரு வரவே கூடாது," என்று பேட்டி எடுத்த அன்று தன் வீட்டுச் சமையலறையில் அவர் சொல்லியிருந்தார். "நான்தான்னு தெரிஞ்சா அப்புறம் இந்த ஊர்ல நான் இருக்க முடியாதும்மா. இங்க எல்லாரும் தின்னுறது ஆலை போடுற ரொட்டிதான்."

"சத்தியமா ஒருத்தருக்கும் தெரியாது அண்ணே. என்னை நம்புங்க."

நம்பினார். அவளும் ஏமாற்றவில்லை. முதுகுப் பக்கமிருந்து மட்டும் படம் பிடித்தாள். அவர் பேசியதை வார்த்தைக்கு வார்த்தை ஒரு நாடக நடிகரைப் பேசவைத்து, அவர் குரலைச் சுத்தமாக எடுத்துவிட்டாள். சுவரில் இருந்த சாமி படத்தைக்கூட இறக்கிவைத்துத்தான் எடுத்தாள். இத்தனை கெட்டிக்காரத்தனமும் செய்தவள் ஒரு நிமிடத்தில் கோட்டைவிட்டாள்.

ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பேட்டி முடிந்ததும் எல்லாரையும் ஆடாமல் அசையாமல் உட்காரவைத்து, அந்த அறையின் சும்மா சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்வார்கள். படத்தை வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப அது வேண்டும். அன்றும் ஒலிப்பதிவாளர் விதோமிர் "யாரும் பேசாதீங்க" என்று கையைத் தூக்க, எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். கேமரா மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் குனிந்த முதுகும் அந்த மௌனமும் டுன்யாவுக்கு அவ்வளவு பிடித்துப்போயின. வெட்டாமல் அப்படியே படத்தில் வைத்துவிட்டாள். மௌனத்துக்கு நடுவில் ஸ்தோயானின் நெஞ்சிலிருந்து வந்த இழுப்பு கேட்டது. "இதைவிட என்ன சாட்சி வேணும், சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏத்து" என்று விதோமிரிடம் அவள்தான் சொன்னாள். வெளிநாட்டில் அந்த இடத்தில் ஜனங்கள் அழுதார்கள். அழுதவர்களில் ஒருவர்கூட ஸ்தோயானோடு ஆலையில் வேலை பார்த்தவர் இல்லை.

மெத்னிக்கில் இருந்தார்கள். அந்த முதுகு திரையில் வந்தது, பேச்சு நின்றது, இழுப்பு கிளம்பியது. உள்ளே போகையில் சீழ்க்கை போல ஒன்று, வெளியே வருகையில் கரகரப்பு, நடுவில் சின்னதாக ஒரு தடுக்கல்.

"அட, நம்ம ஸ்தோயான் குறட்டைடா இது!" என்று முன்வரிசையில் ஒருவன் கபடமில்லாமல் சிரித்தான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

தலைகள் திரும்பின. ஸ்தோயான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருந்தால் சந்தேகப்படுவார்களே என்றுதான் பாவம் படத்துக்கு வந்திருந்தார். திரையில் அவருடைய நெஞ்சு இழுத்துக்கொண்டிருக்க, இங்கே அவர் முகம் சிவந்து கருத்தது. ஒரு நிமிடம் மூச்சைப் பிடிக்க நல்ல நுரையீரல் வேண்டும். ஆலை அதை எப்போதோ தின்றுவிட்டது. கடைசியில் பொத்துக்கொண்டு வந்தது இருமல். மண்டபம் முழுக்க அந்த இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தது. டுன்யாவுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அப்புறம் நடந்ததில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் கொடுமை. ஆலை அவரை வேலையைவிட்டு எடுக்கவில்லை. இந்தப் படத்தால் உலைகளில் ஒன்றை மூட வேண்டி வரலாம் என்று மட்டும் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டது. மற்றதை ஊர் பார்த்துக்கொண்டது. படத்துக்கு இன்னொரு பரிசு கிடைத்தது. புகை எப்போதும்போல வந்துகொண்டிருந்தது.

நவம்பரில் மிக்கேல் தேவதூதரின் திருநாள் வந்தது. ஸ்தோயான் குடும்பத்துக்குக் காவல் தெய்வம் அவர்தான். அந்த நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. தெரிந்தவர்கள் தாமாக வருவார்கள், கதவு திறந்தே இருக்கும். டுன்யாவும் ஒரு புட்டி திராட்சை ரசத்தோடு போனாள். ஓடி ஒளிவதற்கு அவள் மனசு இடம் கொடுக்கவில்லை.

மேஜையில் மெழுகுத்திரி எரிந்துகொண்டிருந்தது. வெட்டிய ரொட்டி, இனிப்புக் கோதுமை, முட்டைக்கோஸ் சுருள் வைத்த பெரிய சட்டி. சுற்றிலும் நாற்காலிகள், எல்லாமே காலி. ஸ்தோயான் சட்டைக் காலர்வரை பித்தான் போட்டு நின்றுகொண்டிருந்தார்.

"வாம்மா, வா. சாப்பிடு."

"நீங்களும் உட்காருங்க அண்ணே. மூச்சு வாங்குது பாருங்க."

"விருந்தாளி இருக்கையில வீட்டுக்காரன் உட்காருறதா? நல்லா இருக்கு போ. காலையிலேர்ந்து நின்னுட்டுத்தான் இருக்கேன்." சிரிக்கப் பார்த்தார். "ஆலைக்காரங்க நேரங்கழிச்சுத்தான் வருவாங்க. ஷிப்ட் முடியணும்ல."

ஷிப்ட் எப்போதோ முடிந்திருந்தது. அவள் சாப்பிட்டாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம் அவள் தட்டில் அவர் இன்னொரு சுருளை வைத்தார்.

அவருடைய மனைவி ஸாகோர்கா அவளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டாள். திட்டப்போகிறாள் என்று டுன்யா நினைத்தாள். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"தப்பா எடுத்துக்காத. நீ கிளம்பிடு."

"அண்ணி..."

"உன் காரு வாசல்ல நிக்குது. பெல்கிரேடு நம்பரு. யாராவது வரணும்னு நினைச்சாக்கூட அதைப் பார்த்தா உள்ள வருவாங்களா? யாராச்சும் ஒருத்தராவது வந்தாப் போதும் அவருக்கு. போம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

டுன்யா காரை எடுத்தாள். அந்த வீட்டுக்கு ஒரே பாதைதான். மேட்டிலிருந்து இறங்கி, பெரிய சாலையில் சேரும் வளைவில் ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். யாராவது மேலே போவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு ஆசை. இருட்டத் தொடங்கியது.

வந்தார்கள். ஒரு பழைய சிவப்புக் கார், ஓட்டுவது ஒரு கிழவர், பக்கத்தில் அவர் மனைவி, அவள் மடியில் தாள் சுற்றிய புட்டி. கார் வேகம் குறைத்துப் பாதைக்குள் திரும்பியது. விளக்கு வெளிச்சம் டுன்யாவின் கார் மேலும் அதன் நம்பர் மேலும் விழுந்தது.

சிவப்புக் கார் நின்றது. உள்ளே இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

டுன்யா பதறிப்போய்க் கதவைத் திறந்து இறங்கினாள். "போங்க! நான் கிளம்பிட்டேன், நீங்க மேல போங்க!" என்று இரண்டு கைகளையும் வீசிக் கத்தினாள். கண்ணாடிகளை ஏற்றியிருந்த அவர்களுக்கு, யாரோ ஒருத்தி கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருவது மட்டும்தான் தெரிந்தது. கார் பின்வாங்கி, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.