கடல் தெரிவதற்குள் ஒரு வரி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. கடற்கரை நகரத்தில் பல்செட் செய்யும் கூடம் ஒன்றில் எனக்கு நேர்காணல் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். நேர்காணல் போன மாதமே போனில் முடிந்துவிட்டது. வேலையும் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். தங்குவதற்கு அறைகூடப் பிடித்தாயிற்று.

நாளைக் காலை ஆறு மணிக்கு அப்பா, அம்மா, நான் மூவரும் காரில் கிளம்புகிறோம். நான் ரயிலில் போய்க்கொள்கிறேன் என்றேன். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. வழியில் மூன்று மலைப் பூங்காக்கள் இருக்கின்றனவாம், ஜாலியாகப் போய்விட்டு மூவரும் திரும்பிவிடலாமாம். திரும்பப்போவது அவர்கள் இருவர்தான். இதைக் கடல் கண்ணில் படுவதற்குள் நான் சொல்லியாக வேண்டும். நேரில் சொல்ல வாய் வராததால், எந்த இடத்தில் எப்படிச் சொல்வது என்று எழுதிப் பார்க்கிறேன். ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் வரைவு: மலைகளின் மடியில் மேகங்கள் தவழ

(வேண்டாம். பொய்ப்பல் செய்கிறவளுக்கு மேகம் எதற்கு?)

இரண்டாவது: அருவியின் முன்னே அவள் தந்தையின் கையைப் பற்றி

(எங்கள் வீட்டில் யாரும் யார் கையையும் பற்றுவதில்லை, ஊசி போடும்போது தவிர.)

மூன்றாவது: முதல் பூங்கா. அருவிக்கு எதிரே வண்டிகள் ஓரங்கட்டி நிற்கின்றன. ஜனங்கள் நனைந்துகொண்டே படம் எடுக்கிறார்கள். பின்சீட்டில் நான் வாயைத் திறக்கிறேன். அதற்குள் அருவி பின்னால் போய்விடுகிறது.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தோரு வருஷம் பேருந்து ஓட்டியவர், போன வருஷம்தான் ஓய்வு. நிறுத்தம் இல்லாத இடத்தில் நிறுத்துவது அவர் ரத்தத்திலேயே கிடையாது. கெஞ்சினால், "வரும்போது பாத்துக்கலாம்" என்பார். சாக்குப்போக்கு இல்லை, நிஜமாகவே நம்பித்தான் சொல்கிறார். அவர் ஓட்டிய வண்டி ஒவ்வொன்றும் போன வழியே திரும்பியிருக்கிறது. போய் அங்கேயே இருந்துவிடுகிற பயணம் ஒன்றை மனுஷர் ஓட்டியதே இல்லை.

3

சரி, எழுதுகிறவளுக்கு இல்லாத அதிகாரமா? இரண்டாவது பூங்காவில் ஏரிக்கரையோரம் நானே ஒரு ஆணியைப் போட்டேன். டயர் பஞ்சர். அப்பா இறங்கியே ஆக வேண்டும். அவர் டயர் மாற்றப் பதினைந்து நிமிடம் கொடுத்தேன். நட்டுகளைக் கையில் ஏந்தியபடி பக்கத்தில் நிற்கிறேன். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்கிறேன்: "ஏரி நல்லா இருக்குல்லப்பா?"

பாருங்கள். ஆணி என்னுடையது, ஏரி என்னுடையது, இந்தப் பாழாய்ப்போன வாய் மட்டும் எனக்கு அடங்கவில்லை.

(இடையில் ஒரு சந்தேகம். அம்மா பாத்திரம் சரியாக அமையவில்லை. ஒரு நாள் நேர்காணலுக்கு இரண்டு பெட்டி கட்டுகிறேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. போதாததற்கு இரண்டு போர்வையும் தலையணை உறையும் அவளே திணிக்கிறாள். இப்படி ஒரு அம்மாவை எழுதினால் யார் நம்புவார்கள்?)

4

மூன்றாவது பூங்காவை எழுத உட்காரும் முன் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் மேஜையில் தாள்களைக் காணோம். அம்மா அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

"அப்பாகிட்ட குடுத்துட்டேன். நீ வாயத் தொறக்கறதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிடும்."

அப்பா திட்டினால் வாங்கிக்கொள்வேன். முகம் வாடிப்போனால் என்னால் தாங்க முடியாது. அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன்.

5

(இந்தப் பகுதியில் கற்பனை எதுவும் இல்லை.)

அப்பா தாள்களோடு வந்தார். என் பெட்டி மேலேயே உட்கார்ந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஏரிப் பகுதியை இன்னொரு தரம் படித்தார்.

"டயர் மாத்த எனக்கு எதுக்கும்மா பதினஞ்சு நிமிஷம்? எட்டு போதும்."

"பொய் சொல்லிட்டேன்பா," என்றேன்.

அவர் தலையாட்டினார். தாள்களை ஓரம் தட்டிச் சீராக்கினார்.

"ஆறு மணி வேணாம். நாலரைக்கே எடுத்துடலாம். மூணு எடத்துலயும் எறங்கிப் பாக்கணும்ல."

அவ்வளவுதான். டயரில் காற்றுப் பார்க்க வெளியே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. உள்ளிருந்து அம்மா, வெங்காயம் உரிக்கிறது நான், நீ எதுக்கு அழறே என்றாள்.

6

ஆக, மூன்றாவது பூங்கா எழுதப்படாமலே நிற்கிறது. அங்கே ஒரு கணவாய் உண்டு, அதன் உச்சியில்தான் கடல் முதன்முதலாகத் தெரியுமாம். அப்பா வண்டியை நிறுத்துவார், மூவரும் இறங்குவோம். அதற்கப்புறம் யார் என்ன பேசுவோம் என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்கே எழுதிக் கெடுக்க மனமும் இல்லை. பெட்டியில் இடம் பண்ண வேண்டும், அம்மா இன்னொரு போர்வையோடு வந்துகொண்டிருக்கிறாள்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மழை வேண்டுமானால் மழை, மூடுபனி வேண்டுமானால் மூடுபனி, உங்கள் இஷ்டம். ஆனால் அப்பாவை மட்டும் அங்கே அழவைத்துவிடாதீர்கள். அங்கிருந்து இறக்கம், வண்டி ஓட்டுவது அவர்தான்.