மூடி போட்டு எடுத்த இருபது

தம்பியின் நீலச் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. அக்கா அதே நிறத்தில் ஒன்றைத் தேடியெடுத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த அத்தை, எத்தனை மணிக்குப் போனது என்று கேட்டாள். காலையிலிருந்து அந்தக் கேள்வி வருவது ஏழாவது முறை. ஏழு பத்துக்கு டாக்டர் பார்த்திருக்கிறார் என்று அக்கா சொன்னாள். அத்தை விடவில்லை.

“டாக்டர் பாத்தது ஏழு பத்து. உயிர் போனது எப்போ?”

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மூன்று மணிக்கு மருத்துவமனையிலிருந்து தம்பியின் உடலோடு வண்டி வரும். வந்ததும் போட்டுவிட, அதற்குள் சட்டை தயாராக வேண்டும்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டின் மோட்டார் அறை மொட்டைமாடியில்தான் இருக்கும் என்பதால் ஆறு கட்டிடங்களின் மாடிச் சாவிகள் அவன் இடுப்பில் தொங்கின. மேகம் இல்லாத இரவுகளில் அவற்றில் ஏதாவது ஒன்றின் உச்சிக்குப் போய், முக்காலியில் கேமராவை நிறுத்தி, அரை நிமிடத்துக்கு ஒன்றாக விடியும்வரை வானத்தைப் படம் எடுப்பான். பிறகு எல்லாவற்றையும் கோர்த்து ஓடவிட்டால் ஓர் இரவு முழுவதும் அரை நிமிடத்தில் சுழன்று முடியும். அரை நிமிஷப் படத்துக்கு ஒரு ராத்திரித் தூக்கமா என்று அக்கா கேலி செய்வாள். மாவு பொங்குவதற்காக மூன்றரை மணிக்கு எழுகிறவள் அதைப் பேசக் கூடாது என்பான் அவன். அவள் பேக்கரியில் வேலை பார்த்தாள். வீட்டில் இருவருக்கும் சேர்த்து ராக்கோழிகள் என்று பெயர்.

இன்று காலை தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்கு ஏறிய காவலாளி, அவன் மோட்டார் அறைச் சுவரில் சாய்ந்து தூங்குவதாக நினைத்திருக்கிறார். கேமரா மட்டும் தன்பாட்டில் கிளிக் கிளிக் என்றுகொண்டிருந்ததாம். எந்தப் பொத்தானை அழுத்தியும் நிற்காததால் கடைசியில் பேட்டரியைக் கழற்றிவிட்டாராம். கேமராப் பையை அக்காவிடம் கொடுக்கும்போது, ஏதோ தப்பு செய்துவிட்டவர்போல அதை இரண்டு தடவை சொன்னார்.

மாரடைப்பு என்றார் டாக்டர். ரொம்ப நேரம் வலித்திருக்குமா என்று அக்காவின் கணவர் கேட்டதற்கு, “வலிச்சிருந்தா யாரையாவது கூப்பிட்டிருப்பாரே” என்றார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார்.

அவன் கூப்பிட்டிருந்தான். நேற்றிரவு பதினொன்று நாற்பத்திரண்டுக்கு. அக்கா விழித்துத்தான் இருந்தாள். இருட்டு அறையில் போன் மட்டும் ஒளிர்ந்து துடிப்பதைப் பார்த்தாள். அவன் பெயரைப் பார்த்தாள். எடுத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். பக்கத்தில் படுத்திருந்த கணவருக்குக்கூட அது தெரியாது.

காரணம் ஞாயிற்றுக்கிழமைச் சண்டை. அவனுக்காக ஒரு பெண் வீட்டாரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். முந்தைய இரவு படம் எடுத்துவிட்டுத் தூங்கிப்போனவன், அவர்கள் கிளம்பிப்போன பிறகு நாலு மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றான். “நீ நட்சத்திரத்தையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து” என்றாள். “அதுங்களுக்கு நான் சரிப்பட்டு வரணுமே, கேட்டுச் சொல்றேன்” என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் மூன்று நாளாகப் பேசாமல் இருந்தாள்.

மதியம் லென்ஸ்காரர் வந்தார். கேமரா பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவர். தம்பிக்கு இருந்த ஒரே கூட்டாளி. யாரிடம் துக்கம் கேட்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றவரை அக்கா உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். பையை அவர் மடியில் வைத்தாள்.

“இதுல என்ன இருக்குன்னு நான் பாக்கணும்ணா.”

“இன்னைக்கேவாம்மா?”

“இன்னைக்குத்தான்.”

அவர் தன் சட்டைப்பையிலிருந்து வேறொரு பேட்டரியை எடுத்துப் பொருத்தினார். கேமராவின் முதுகிலிருந்த சின்னத் திரை வெளிச்சமானது. கடைசிப் படத்திலிருந்து பின்னோக்கித் தள்ளினார். கறுப்பு. அதற்கு முன்னதும் கறுப்பு. பத்து, இருபது, ஐம்பது படங்கள் தள்ளியும் கறுப்பு மட்டுமே வந்தது. விழுந்து உடைந்துவிட்டதா என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டினார். லென்ஸை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அதன் மேல் மூடி போட்டிருந்தது.

“அவனே போட்டதுதான். காவலாளி தொட்டிருக்க மாட்டாரு.”

பிறகு நிதானமாக விளக்கினார். இருட்டில் நீண்ட நேரம் திறந்து வைத்து எடுக்கும்போது படத்தில் சிவப்பும் நீலமுமாகச் சில புள்ளிகள் விழும். அவை நட்சத்திரங்கள் அல்ல, கேமராவுக்குள்ளேயே உண்டாகிறவை. அதனால் வேலை முடிந்ததும், அதே குளிரில், அதே கால அளவில், மூடியைப் போட்டுக்கொண்டு சில படங்கள் எடுப்பார்கள். அவற்றில் அந்தப் புள்ளிகள் மட்டும் இருக்கும். பார்த்து வைத்துக்கொண்டு மற்ற படங்களிலிருந்து நீக்கிவிடலாம்.

“கேமராவோட மச்சம்னு சொல்லுவான்” என்றார் லென்ஸ்காரர். “எண்ணி இருபது எடுப்பான். பத்தொன்பதும் கிடையாது, இருபத்தொண்ணும் கிடையாது. அப்புறம் நிறுத்திட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடுவான், கடை சாத்தியாச்சுன்னு.”

“நேத்து போட்டானா?”

“இல்லம்மா.”

மூடி எப்போது போடப்பட்டது என்று கேட்டாள். அவர் தள்ளிக்கொண்டே போய், முதல் கறுப்புப் படத்தில் நின்று மூலையிலிருந்த எண்களைப் படித்தார். நாலு ஐம்பத்திரண்டு.

அக்கா அலமாரியில் சாய்ந்துகொண்டாள். நாலு ஐம்பத்திரண்டுக்கு எழுந்து நின்று மூடியைப் போட்டிருக்கிறான். அப்படியென்றால் பதினொன்று நாற்பத்திரண்டுக்கு அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலியில் அவளைக் கூப்பிடவில்லை. அவள் மூச்சு விட்டாள்.

பதினொன்று நாற்பதிலிருந்து காட்டச் சொன்னாள்.

படத்தின் கீழ்ப்பாதியில் ஊர் இருந்தது. தெருவிளக்குகள், ஜன்னல்கள், மஞ்சள் புகை போன்ற வெளிச்சம். அதற்கு மேலே சில நட்சத்திரங்கள். அடுத்த படம் அதேபோல. அதற்கடுத்த படத்தில் ஊரே இல்லை. ஒரு விளக்குகூட இல்லாமல் கீழ்ப்பாதி மையாகிக் கிடக்க, மேலே வானம் நிறைந்து வழிந்தது. இத்தனை நட்சத்திரங்கள் இந்த ஊருக்கு மேலே இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. பன்னிரண்டு படங்கள் அப்படி. பதின்மூன்றாவதில் ஊர் திரும்பி வந்துவிட்டது.

“கரண்ட் போயிருக்கு” என்றார் லென்ஸ்காரர். “ஆறு நிமிஷம். அடேங்கப்பா. கொடுத்து வெச்சவன்.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உணர்ந்தவராகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு நினைவிருந்தது. மின்விசிறி நின்று போனதால்தான் விழித்தாள். வானத்தைப் பாரு என்று சொல்லத்தான் கூப்பிட்டிருப்பான். அவள் வீட்டுக்கு மேலேயும் மாடி இருக்கிறது. பதினெட்டுப் படிகள்.

கதவுக்கு வெளியே கணவர், சட்டை எங்கே என்று கேட்டார். கட்டில் மேல் இருக்கிறது என்று குரல் கொடுத்தாள். அவர் உள்ளே வந்து, இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, சட்டையை மடிப்புக் கலையாமல் எடுத்துக்கொண்டு போனார்.

இன்று அதிகாலை மூன்றரை மணிக்கு அலாரம் அடித்தபோது, எடுக்காத அழைப்பு ஒன்று என்று போன் சொன்னது. அவன் விழித்திருப்பான் என்பது அவளுக்குத் தெரியும். கூப்பிடலாமா என்று நினைத்தாள். இன்னும் இரண்டு நாள் போகட்டும், புத்தி வரட்டும் என்று நினைத்துப் பல் விளக்கப் போனாள். நாலு ஐம்பத்திரண்டுக்கு என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதும் தெரியும். ஐந்துக்கு முதல் தட்டு அடுப்புக்குள் போக வேண்டும். ரொட்டிகளின் மேல் பால் தடவிக்கொண்டிருந்தாள்.

“கறுப்பு எத்தனை இருக்குண்ணா?”

அவர் கணக்குப் பார்த்தார். “இருநூத்திப் பதினாறு.”

“ஒண்ணொண்ணா காட்டுங்க.”

“அதுல ஒண்ணும் தெரியாதும்மா. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.”

“பரவால்ல.”

அவர் முதல் கறுப்புக்குப் போனார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து குனிந்து பார்த்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கண் பழகியதும் புள்ளிகள் தெரிந்தன. இடது ஓரத்தில் ஒரு சிவப்பு, நடுவில் கொஞ்சம் தள்ளி இரண்டு நீலம். அவர் பொத்தானை அழுத்தினார். இரண்டு என்றாள். அவை அங்கேயே இருந்தன. மூன்று. நாலு. அவள் சத்தமில்லாமல் உதடுகளால் மட்டும் எண்ணினாள். வெளியே அத்தை யாரிடமோ, ஏழு பத்துக்காம் என்று சொல்வது கேட்டது. பன்னிரண்டில் லென்ஸ்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பதினேழில் தெருவில் வண்டி ஒன்று பின்னோக்கி வரும் சத்தம் வந்தது. நாற்காலிகளை நகர்த்தினார்கள்.

இருபது.

இதோடு அவன் நிறுத்தியிருக்க வேண்டும். அவர் அழுத்தவில்லை. திரையில் மணி ஐந்து ஒன்று என்று இருந்தது. சிவப்பு, நீலம், நீலம். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரோ கதவைத் தட்டினார்கள்.

“அடுத்தது” என்றாள் அக்கா.

அவர் அழுத்தினார். அதுவும் அப்படியேதான் இருந்தது.