அப்பாவின் வானுக்கு ஒரு ஹீற்றர்

அம்மா செத்து இரண்டாவது மாதம் அப்பா என் வீட்டை விட்டு வெளியேறினார். வெகுதூரம் போகவில்லை. அஜின்கோர்ட்டில் என் வீட்டு ட்ரைவ்வேயில் நின்ற பழைய கேம்பர் வானுக்குள் தலையணையையும் அம்மாவின் படத்தையும் கொண்டுபோய் வைத்துக் குடியேறிவிட்டார். சாப்பிடவும் குளிக்கவும் உள்ளே வருவார். படுக்கை வானில்தான்.

அந்த வானை ஓய்வுபெற்ற பிறகு இருவரும் சேர்ந்து வாங்கினார்கள். முப்பது வருடம் சென் ஜேம்ஸ் ரவுண் அப்பாட்மென்ரில் இருந்துகொண்டு அப்பா இரவு வேலைக்கும் அம்மா பகல் வேலைக்கும் போனவர்கள். ஒரே கட்டிலில் ஒரே நேரத்தில் படுத்த நாட்கள் குறைவு. இனி நாடு பார்க்கப் போகிறோம் என்றார்கள். இரண்டு கோடையில் இரண்டு பயணம் போனார்கள். அதோடு அம்மா வருத்தம் வந்து படுத்துவிட்டார்; அவர் போனதும் அப்பாவை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஆகவே அப்பா வானுக்குள் போனபோது, துக்கம், அம்மாவோடு படுத்த இடத்தைத் தேடிப் போகிறார் என்று நினைத்தேன். கோடை முழுவதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது எனக்கு லேசான வேலை அல்ல.

நவம்பரில் ஒருநாள் காலை வான் கண்ணாடியின் உட்பக்கம் வெள்ளையாக உறைந்திருந்தது. விரலால் சுரண்டிப் பார்த்தேன். அப்பாவின் மூச்சுத்தான் அப்படி உறைந்திருந்தது.

“உள்ளுக்கு வாங்கோ, இல்லாட்டி இதுக்கு ஹீற்றர் பூட்டுங்கோ. ரெண்டில ஒண்டு,” என்றேன்.

“ஹீற்றர் பூட்டுவம்,” என்றார். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

நான் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் எரிந்த வீடுகளின் கோப்புகளைப் பார்ப்பவள். அணைக்க மறந்த மெழுகுதிரி, மலிவு ஹீற்றர், நசுங்கிய வயர். மிச்சமெல்லாம் படங்களாக என் மேசைக்கு வரும். பதினொரு வருடம் அந்தப் படங்களைப் பார்த்ததில், எங்காவது நெருப்பைக் கண்டால் என் வாய் தானாகத் திறந்துவிடும். என் கணவன் மிதுனன் லொறி ஓட்டுபவன், மாதத்தில் பாதி நாள் அமெரிக்காவில். “வீட்டுக்கு வேறை அலாரம் தேவையில்லை, நீ இருக்கிறாய்,” என்று சிரிப்பான்.

ஸ்காபரோவில் கராஜ் வைத்திருக்கும் டெனிஸ்டனிடம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் மேசையில் மூன்று ஹீற்றர்களை எடுத்து வைத்தான்.

“அங்கிள், வீட்டு வாசலிலதானே நிக்கிறியள்? உந்தக் கறண்டு ஹீற்றர் போதும். வீட்டில இருந்து ஒரு வயர் இழுத்தால் சரி. மலிவு.”

“வயர் வேண்டாம். வீட்டோட கட்டி வைச்ச மாதிரி இருக்கும்,” என்றார் அப்பா.

வீட்டோடு கட்டுவதில் என்ன குறை என்று வாய் வரைக்கும் வந்தது. டெனிஸ்டனுக்கு முன்னால் வேண்டாமென்று விட்டேன்.

அப்பா புரொப்பேன் ஹீற்றரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சின்னது, விலையும் குறைவு. டெனிஸ்டன் அதை மெல்ல வாங்கி அப்பால் வைத்தான்.

“இது உள்ளுக்கை எரியிற நெருப்பு, அங்கிள். ஜன்னலைத் திறந்து வைச்சுக்கொண்டுதான் பாவிக்க வேணும். எங்கட சனம் திறக்குமே? குளிருதெண்டு எல்லாத்தையும் இறுக்கிச் சாத்திப்போட்டுப் படுக்கும். புகையும் தெரியாது, மணமும் தெரியாது. நித்திரையிலேயே ஆளை முடிச்சுப்போடும்.”

“அப்ப மற்றது?”

“டீசல் ஹீற்றர். லொறிக்காரர் படுக்கிற இடத்துக்குப் பூட்டிறது. எரியிறது பெட்டிக்குள்ளை, புகை குழாயால வெளியில போயிடும். பெயர்பெற்ற கொம்பனிச் சாமான் நெருப்பு விலை. இது இருநூறு டொலர்தான். குழாயைச் சரியாப் பூட்டினால் பயமில்லை. பூட்டுறது நான்.”

அதுதான் என்று முடிவு செய்தேன். அதோடு நிற்கவில்லை. நச்சுக்காற்றுக்குக் கத்தும் அலாரம் ஒன்றும் வாங்கி, அப்பாவின் தலைமாட்டுக்கு மேலே நானே பூட்டினேன். குழாயின் பொருத்துகளைக் குனிந்து பார்த்தேன். ஜன்னல்களுக்கு அளவாக வெள்ளித்தாள் விரிப்பு வெட்டிக் கொடுத்தேன். ஒரு குறையும் விடவில்லை என்று எனக்குப் பெரிய திருப்தி.

மூன்று கிழமை நன்றாகவே போனது. அப்பா காலையில் உள்ளே வந்து, “நல்ல சூடு பிள்ளை,” என்பார். நான் படுத்தவுடன் தூங்கினேன்.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை பனி கொட்டியதால் வேலையிலிருந்து நேரத்தோடு வந்துவிட்டேன். நாலரை மணி, இருட்டிக்கொண்டு வந்தது. வான் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். உள்ளே எதுவோ விழுந்தது. கதவை இழுத்துத் திறந்தேன்.

சாம்பிராணி மணம் முகத்தில் அடித்தது.

அப்பா நிலத்தில் இருந்தார். என்னைப் பார்த்துக் குழறியபடி, “தவமணி, தலையிடிக்குது,” என்றார். அம்மாவின் பெயர். நான் அவரைக் கக்கத்தில் பிடித்து வெளியே இழுத்தேன். அவர் பனியில் முழங்காலில் விழுந்து வாந்தி எடுத்தார். அம்புலன்சுக்கு அடித்துக்கொண்டே வானுக்குள் எட்டிப் பார்த்தேன். ஹீற்றர் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் படத்துக்கு முன்னால் தூபக்காலில் கரி கணகணவென்று சிவந்திருந்தது. வெள்ளித்தாளெல்லாம் நான் வெட்டிக் கொடுத்த அளவில் இறுக்கமாகப் பொருந்தியிருந்தன. தலைமாட்டில் அலாரம் வாய் பிளந்து தொங்கியது. பற்றரி இல்லை.

பற்றரி அப்பாவின் சேட்டுப் பையில் இருந்தது. ஆசுப்பத்திரியில் உடுப்பு மாற்றும்போது தாதி எடுத்து என் கையில் தந்தாள்.

ஒட்சிசன் பிடித்துச் சில மணி நேரத்தில் அப்பா தெளிந்துவிட்டார். அடைத்த இடத்தில் கரி எரிந்த நச்சுக்காற்று, இன்னும் அரை மணி பிந்தியிருந்தால், என்று தொடங்கிய டொக்டர் வசனத்தை முடிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது.

“ஏனப்பா பற்றரியைக் கழட்டினீங்கள்?”

“அது சாம்பிராணி காட்டுற வெள்ளிக்கிழமையில கத்துது பிள்ளை. உனக்குக் கேட்டால் ஓடி வருவாயெண்டு கழட்டினன்.”

“கதவைத் திறந்து வைச்செண்டாலும் காட்டியிருக்கலாமே?”

“கோடைக்கு அப்படித்தான் செய்தனான். இப்ப திறந்தால் நீ பூட்டித் தந்த ஹீற்றரின்ரை சூடெல்லாம் போயிடும். அதுதான் சாத்தினன்.”

“ஒளிச்சு ஒளிச்சு வானுக்குள்ளை ஏன்? வீடு இருக்குத்தானே?”

அப்பா என்னைப் பார்த்தார். குற்றம் சொல்கிற பார்வை அல்ல. நான் மறந்துவிட்டேன் என்பதை அப்போதுதான் புரிந்துகொண்ட பார்வை.

“வீட்டில உது கூடாதெண்டு நீதானே சொன்னாய், பிள்ளை.”

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை அது. நான் வேலையால் வரும்போது ஹோலில் அலாரம் அலறிக்கொண்டிருந்தது. அப்பா தூபக்காலோடு அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்றார். “வீட்டைக் கொளுத்தப் போறியளோ? உந்தப் பழக்கமெல்லாம் இஞ்சை சரிவராது,” என்று கத்தியபடி அதைப் பறித்துக்கொண்டுபோய் ஸிங்கில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். சீறி அணைந்தது. எனக்கு அது ஐந்து நிமிட வேலை. அன்றைக்கே மறந்துபோனேன். அடுத்த வெள்ளிக்கிழமை வருவதற்குள் அப்பா வானுக்குக் குடிபோய்விட்டார். நான் அதற்குத் துக்கம் என்று பெயர் வைத்தேன்.

ஆறு மாதம். உறைபனி பிடித்தும் அவர் ஒரு சொல் சொல்லவில்லை. நானோ அவர் சாகாமல் இருக்க ஹீற்றர் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் என்னால் தலை நிமிர்த்த முடியவில்லை.

“அம்மா எப்பிடியப்பா காட்டினவ? அப்பாட்மென்ரில அலாரம் இருந்ததுதானே?” என்று கேட்டேன்.

“ஜன்னலைத் திறந்துபோட்டுத்தான். நான் அலாரத்துக்குக் கீழை நிண்டு பேப்பரால புகையை விசுக்குவன். எனக்கு இரவு வேலையெல்லோ. வெள்ளிக்கிழமையில அந்தக் கொஞ்ச நேரந்தான் ரெண்டு பேரும் ஒண்டா நிப்பம்.”

அடுத்த வெள்ளிக்கிழமை வெளியே மைனஸ் பதினொன்று. அம்மாவின் படத்தை வானிலிருந்து எடுத்து வந்து ஹோலில் வைத்தேன். அதே தூபக்கால். ஹோல் ஜன்னல் இரண்டையும் முழுக்கத் திறந்தேன். குசினிக் கதவையும் திறந்து நாற்காலியால் முட்டுக்கொடுத்தேன். குளிர் வீட்டுக்குள் வந்து குந்தியது. கீழே வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் ஓலமிட்டு ஓடத் தொடங்கியது. அலாரத்தில் பற்றரி இருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தேன், கத்தியது.

அப்பா ஜக்கெற்றும் தொப்பியும் போட்டுக்கொண்டு அலாரத்துக்கு நேர்கீழே வந்து நின்றார். கையில் தமிழ்க் கடையின் விளம்பரத் தாள். நான் தணலில் சாம்பிராணியைத் தூவினேன். புகை எழும்பியது.

“காட்டு பிள்ளை,” என்றார். விசுக்கத் தொடங்கினார்.

என் கைக்குப் பழக்கமில்லை. அம்மாவின் முகத்துக்கு முன்னால் மூன்று முறை சுற்றினேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டே விசுக்கினார். கண்ணீர் தாடை வரைக்கும் வழிந்தது, துடைக்கவில்லை. அலாரம் கத்தவில்லை. நானும் கத்தவில்லை.

கரி அடங்கியதும் தூபக்காலை வெளியே பனியில் வைத்துவிட்டு வந்தேன். அப்பா தாளை நாலாக மடித்துப் படத்துக்குப் பக்கத்தில், அடுத்த கிழமைக்கு, வைத்துக்கொண்டிருந்தார்.

“ஜன்னலைச் சாத்து பிள்ளை, வீடு விறைக்குது,” என்றார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“என்ரை தலையணை வானுக்குள்ளை கிடக்கு. எடுத்துக்கொண்டு வாறியே?”