தீவாளுக்குச் சொன்ன கதை

1.

இது ஒரு கடிதத்துக்கு எழுதவேண்டிய பதில். பதில் எழுத வரவில்லை, ஆகவே கதையாக எழுதுகிறேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

1977 சித்திரையில் ஒரு பின்னேரம் யோகமலர் அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உப்புவெளிக் கடற்கரையில் ஒரு விருந்தினர் விடுதியில் அவளுக்குக் கிளாக்கர் வேலை. நான் இந்தப் பகுதி ஆட்களுக்கு விண்ணப்பமும் முறைப்பாடும் எழுதிக் கொடுக்கிறவன். காணி, பென்சன், இடமாற்றம் என்று எந்த விடயமானாலும் திகதி போட்டு, பந்திக்கு இலக்கமிட்டு எழுதுவேன். அவள் ஒரு விமானத் தபால் உறையை மேசையில் வைத்தாள்.

"அண்ணை, இதுக்கு மறுமொழி எழுதித் தாங்கோ. நாலு மாதமாய் வைச்சுக்கொண்டிருக்கிறன்."

"நீங்கள் என்னிலும் பாக்க இங்கிலிசு படிச்சனீங்களெல்லே?"

"இங்கிலிசு வருது. என்ன சொல்லுறதெண்டுதான் வருகுதில்லை."

எழுதியவர் ஹெல்கா என்ற ஜேர்மன் பெண். போன ஆவணியில் இங்கே குதிரைச் சவாரி போனவர். கடிதத்தில் அவர் கேட்டவை மூன்று. பழக்கதோஷத்தில் இலக்கமிட்டேன்:

(அ) வருகிற ஆவணியில் ஒன்பது வயது மகளோடு வருகிறேன். அதே வழிகாட்டி, அதே பெண்குதிரை வேண்டும். மகள்தான் ஏறுவாள்.

(ஆ) வழிகாட்டி போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த ராஜா ராணி கதையை எழுதி அனுப்ப முடியுமா?

(இ) இருமிக்கொண்டிருந்த அந்த ராணிக்குச் சுகமாகிவிட்டதா?

சாதாரணக் கேள்விகள். ஆனால் மூன்றுக்கும் உள்ளதை எழுதினால் ஒரு குதிரை விலைப்படும், ஒரு மனிதனுக்கு வேலை போகும். எழுதாவிட்டால் ஒரு பிள்ளை அந்தக் குதிரையில் ஏறும்.

2.

[முதல் தொடக்கம்: "இளவெயில் கன்னியாக் குன்றுகளின் மேல் பொன்னைப் பூசிக்கொண்டிருந்தது. குதிரைகள் கனைத்து—" இங்கே நிறுத்தினேன். பக்கத்திலிருந்து வாசித்த யோகமலர், "அதுகள் கனைக்கிறேல்லை. கதிராமண்ணை வாய் மூடினால்தானே அதுகள் கனைக்கிறதுக்கு" என்றாள்.]

[இரண்டாம் தொடக்கம்: "யோகமலர் ஒரு பொய்க்காரி." இது அவளே சொல்லித் தந்த வசனம். அதற்குப் பிறகு எதை எழுதினாலும் அவளை மன்னிக்கிற வசனமாகவே வந்தது. அவள் மன்னிப்புக் கேட்டு வரவில்லை. வெட்டிவிட்டேன்.]

மூன்றாவது தொடக்கத்துக்கு அலங்காரம் இல்லை.

3.

விடுதியில் இப்போது நாலு குதிரைகள். நெடுந்தீவில் வாங்கி, வள்ளத்திலும் லொறியிலும் ஏற்றிக் கொண்டுவந்தவர் விடுதி முதலாளி, கிண்ணியா மஹ்ரூப். வெளிநாட்டார் காலையில் ஏறி, வயல் வரம்பையும் பற்றைக்காட்டையும் தாண்டி, இரண்டு குன்றுகளுக்கு நடுவால் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய்க் குளித்துவிட்டு மதியத்துக்குள் திரும்புவார்கள். பலகையில் மஹ்ரூப் எழுதுவித்திருந்தது "பள்ளத்தாக்குச் சவாரி". (நாங்கள் அதைப் பள்ளம் என்போம். தாக்கு, முதலாளியின் முதலீடு.)

வழிகாட்டி கதிராமன், இறக்கக்கண்டி ஆள், ஐம்பது வயது. அவர் எந்தக் குதிரையிலும் ஏறுவதில்லை. முன்னால் போகும் பெண்குதிரையின் இடது காதருகே நடப்பார். விடுதிப் புத்தகத்தில் அதன் பெயர் குயீன். அவருக்குத் தீவாள், தீவிலிருந்து வந்தவள். மற்ற மூன்றும் தீவாளின் வாலைப் பார்த்துக்கொண்டு போகும். யோகமலர் சைக்கிளில் பின்னால் வந்து மொழிபெயர்க்கவேண்டும்.

போன வருடம் அவள் இந்த வேலை தொடங்கிய முதல் இரண்டு கிழமையும் காதை அடைக்கும் கச்சான் காற்று. கதிராமன் ஓயாமல் ஏதோ கதைத்துக்கொண்டு போனார். மேலே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்து, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்கள். அவளுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. சம்பளம் வாங்குகிறவள் தெரியாது என்று சொல்வதெப்படி? அந்தக் குன்றில் முன்னொரு காலம் ஒரு ராஜா இருந்தான் என்று தொடங்கிவிட்டாள். ராஜாவுக்கு ஒரு ராணி வேண்டியிருந்தது. ராணியையும் கொடுத்தாள்.

மூன்றாம் கிழமை காற்று விழுந்த ஒரு காலையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு கிட்டப் போனாள். அப்போதுதான் கேட்டது:

"கல்லு கிடக்கு, வலக்காலைத் தூக்கு. ஆ, அப்பிடித்தான் என்ரை ராசாத்தி. என்ன சொன்னனான்? ஓம், மச்சான். வேலியை ஒரு முழம் உள்ளுக்கு அரக்கிப் போட்டானடி. கேட்டால் மழைக்குச் சரிஞ்சதாம். மழை அவன்ரை பக்கம் நிண்டோ தள்ளினது? மதகு வருது, மெல்ல, மெல்ல. அன்னப்பிள்ளைக்கு ராவும் இருமல். கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தனான், கேக்குதில்லை..."

வந்தவர்கள் குளிக்கப் போனதும் அவள் கேட்டாள்.

"கதிராமண்ணை, வழி முழுக்க அவையளுக்கு என்ன சொல்லிக்கொண்டு வாறியள்?"

"எவையளுக்கு?"

"வெள்ளைக்காரருக்கு."

"பாசை விளங்காத சனத்துக்கு நான் ஏன் சொல்லுறன்? எனக்கென்ன விசரே?"

பிறகு தீவாளின் நெற்றியைத் தடவியபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இவளுக்குக் கண் போட்டுது, தங்கச்சி. போன மாரியோடை ரெண்டும். குரல் கேட்டால் நடப்பாள், குரல் நிண்டால் நிண்டிடுவாள். ரெண்டு மணித்தியாலம் கதைக்கிறதுக்கு என்னட்டை என்ன கிடக்கு? வீட்டிலை நடக்கிறதைத்தான் சொல்லுறன்."

"மஹ்ரூப் நானாவுக்குத் தெரியுமோ?"

"சாம்பல் குதிரை நொண்டினாப் பிறகு என்ன செய்தவரெண்டு மறந்து போனியளே?"

மறக்கவில்லை. ஐந்தாவதாக இருந்த அந்தக் குதிரையை மஹ்ரூப் விற்றார்; அது செங்கல் சூளைக்கு வண்டில் இழுக்கப் போனது.

"அப்ப, இவளிலை ஆக்களை ஏத்துறது பிழையில்லையோ?"

"பிழைதான்" என்றார் கதிராமன். தீவாளின் கழுத்தில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு, "நான் பக்கத்திலை நிக்கிறன்தானே" என்றார்.

அன்றிலிருந்து யோகமலரின் கதைக்குச் சத்து வந்தது. மச்சானின் வேலி, அயல்நாட்டு அரசன் ஒரு முழம் நகர்த்திவிட்டு மழையில் பழி போட்ட மலையாயிற்று. கதிராமனின் மனைவி அன்னப்பிள்ளை இருமும் ராணியானாள். அவள் ஒவ்வொரு முறை இருமும்போதும் மண் வெடித்து ஒரு வெந்நீர்க் கிணறு பிறந்தது. ஏழு இருமல், ஏழு கிணறு.

(கன்னியாவுக்கு வேறு பழங்கதை உண்டு. இது யோகமலரின் கைச்சரக்கு. வாசகர் இதைக் கொண்டுபோய் யாருக்கும் வரலாறு என்று சொல்லவேண்டாம்.)

4.

இந்த இடத்தில் எனக்கு யோகமலரில் சந்தேகம் வந்தது. இவள் நல்லவளா? சவாரிக் காலம் முழுக்க, ஊர் தெரியாத மனிதர்களைக் கண் தெரியாத குதிரையில் ஏற்றி, பின்னால் கதை சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள். நான் இவளை நல்லவளாக எழுதினால் வாசகர் என்னை விடுவாரா? அவளிடமே கேட்டேன்.

"ஒருக்காலும் இடறேல்லையோ?"

"இல்லை."

பேனாவை மூடினேன். அவள் வாசல் படலைவரை போய்த் திரும்பி வந்தாள்.

"ஒருக்கா இடறினது. றோட்டுக்காரர் புதுசாய்ச் சல்லிக்கல்லுக் கொட்டியிருந்தவை. அதைக் கதிராமண்ணையும் காணேல்லை. முழங்கால் நிலத்திலை முட்டிப்போட்டுது. மேலை இருந்த மனிசி விழேல்லை, சிரிச்சுது. நாங்கள் ரெண்டு பேரும் சிரிக்கேல்லை."

இதை எழுதவா என்று கேட்டேன்.

"எழுதுங்கோ. அதைச் சொல்லத்தானே திரும்பி வந்தனான்."

அதன் பிறகு அவளை நல்லவளாக்குகிற வேலையை விட்டுவிட்டேன்.

5.

மாசியில் அன்னப்பிள்ளை இறந்தாள். முப்பத்தோராம் நாள் கிரியை, இங்கே பலரும் செய்வதுபோல, கன்னியாவில் நடந்தது. சவாரிக் காலம் முழுக்கக் குதிரையோடு போன பாதையில் அன்று கதிராமன் மச்சானோடு பஸ்ஸில் போனார். இருவரும் ஒரே ஆசனத்தில் இருந்தார்களாம்.

சித்திரை முதல் கிழமை சவாரி மறுபடி தொடங்கிற்று. முதல் நாள் என்பதால் மஹ்ரூப் முற்றத்தில் வந்து நின்றார். பிரெஞ்சுக்காரர் இருவர் ஏறினார்கள். கதிராமன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

ஒன்றும் வரவில்லை.

தீவாள் காதுகளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். கால் எடுக்கவில்லை. மஹ்ரூப் சறத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கிட்ட வரத் தொடங்கினார். கதிராமனின் உதடு அசைந்தது. வீட்டில் நடக்கிறதைச் சொல்லித்தானே பழக்கம். வீட்டில் இப்போது என்ன

[இந்த வசனத்தை நாலு தரம் முடித்தேன். நாலையும் வெட்டினேன். இப்படியே இருக்கட்டும்.]

யோகமலர் சைக்கிளை மாமரத்தில் சாத்திவிட்டு, தீவாளின் வலது பக்கம் போய் நின்றாள். அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு கதை. அதை முதல்முறையாகத் தமிழில் சொன்னாள்.

"ஒரு ஊரிலை ஒரு ராசா இருந்தவர். அவருக்கு ஒரு பொல்லாத மச்சான்."

வலது காது அவள் பக்கம் திரும்பியது. பிறகு கால்.

(இங்கே யோகமலர் அழுதாள் என்று முதலில் எழுதியிருந்தேன். "நான் அழேல்லை. கல்லுப் பாத்துக்கொண்டு போனனான். அழுதால் கல்லுத் தெரியுமே?" என்று சண்டை பிடித்தாள். ஆகவே அழவில்லை.)

படலை தாண்டி, வயல் தாண்டி, பற்றைக்காட்டுக்குள் போகும்வரை அவள்தான் சொன்னாள். கதிராமன் கடிவாளத்தைப் பிடித்தபடி தன் வாழ்க்கையை அடுத்த காதுப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டு நடந்தார். மலையை ஒரு முழம் நகர்த்திய இடம் வந்தபோது மெல்லச் செருமினார்.

"ஒரு முழமில்லை. ஒண்டரை."

"போன வருசம் ஒண்டெண்டுதானே சொன்னனீங்கள்?"

"பிறகு நாடா வைச்சு அளந்தனான்."

தீவாள் இடது காதையும் திருப்பினாள்.

ராணியின் இருமலில் கிணறுகள் பிறந்த இடம் வந்தது. ஏழு என்றாள் யோகமலர். கதிராமன் தலையாட்டவில்லை.

"ஏழோடை நிக்கேல்லைப் பிள்ளை" என்றார். கொஞ்சத் தூரம் போய், "ஆனால் கிணறு நல்லது. அது இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு, தண்ணீர்ப் பள்ளம் வந்தபோது, "இறக்கம் வருதடி, பின்காலை ஊண்டு" என்று அவரே தீவாளுக்குச் சொன்னார். யோகமலர் வாயை மூடிக்கொண்டாள்.

திரும்பி வந்ததும் மஹ்ரூப் கேட்டார்.

"என்ன புள்ள, சைக்கிள வுட்டுட்டு நடந்து போனீங்க?"

"சில்லுக்குக் காத்தில்லை, நானா."

அவர் மாமரத்தடிக்குப் போய்ச் சில்லை அமத்திப் பார்த்தார். சில்லு இறுகிக் கிடந்தது.

6.

முடிவுகள்.

முதலாவது: பொய் எழுதி அனுப்புகிறோம். ஆவணியில் ஹெல்கா வருகிறார். ஒன்பது வயதுப் பிள்ளை, மஞ்சள் தலைமயிர், தீவாளில் ஏறுகிறது. கதிராமன் இடது காதில், யோகமலர் வலது காதில். ஒரு குறையும் இல்லாமல் போய்வருகிறார்கள். இதை முழுதாக எழுதிப் பார்த்தேன். சல்லி கொட்டியிருந்த இடம் வந்ததும் பேனா நகரவில்லை. காகிதத்தில்கூட அந்தப் பிள்ளையை அதற்கு அப்பால் கொண்டுபோக என்னால் ஏலவில்லை.

இரண்டாவது: ஆவணிக்கு முன் தீவாள் தானாகவே, நோவில்லாமல், வைகாசியில்—

"அவளைச் சாக்கொல்லாதேங்கோ" என்றாள் யோகமலர். "உங்களுக்குக் கடிதம் முடியவேணுமெண்டதுக்காக ஒரு சீவனைக் கொல்லுவியளோ?"

மூன்றாவது: நானே யோசித்த ஒரு தந்திரக் கடிதம். குதிரைக்கு வயதாகிவிட்டது, ஓய்வில் இருக்கிறது, மகளுக்கு வேறு குதிரை தருகிறோம். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அலுவலகக் கடிதங்களில் எனக்கு இது கைவந்த வேலை. யோகமலர் அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"நல்லாயிருக்கு. ஆனால் தீவாள் முன்னுக்குப் போகாட்டி மற்ற மூண்டும் முற்றத்தை விட்டு அசையாதுகள். 'ஓய்விலை' எண்டால் ஏனெண்டு நானா கேப்பார். பிறகும் ஒரு பொய்." கடிதத்தை மடித்துத் திருப்பித் தந்தாள். "நான் சொல்லச் சொல்ல எழுதுங்கோ, அண்ணை."

எழுதினேன். அவள் சொன்னதில் நான் மாற்றியது நிறுத்தக்குறிகளை மட்டும்.

7.

இங்கிலிசுக் கடிதத்தின் தமிழ்ப் பிரதி இதோ, என் மேசையில். மூன்று பந்தி.

ஒன்று: நன்றி. வாருங்கள். மகளையும் கொண்டுவாருங்கள்.

இரண்டு: கதை. அதை நான்தான், யோகமலர், இட்டுக்கட்டினேன். ராணி மாசியில் இறந்துவிட்டா. ராஜா வேலைக்கு வருகிறார்.

மூன்று: அந்தப் பெண்குதிரைக்கு இரண்டு கண்ணும் தெரியாது. போன வருடம் நீங்கள் ஏறியபோதும் தெரியாது. அதை உங்களுக்குச் சொல்லாதது எங்கள் பிழை. மகளை அதில் ஏற்றவேண்டாம், யாரும் இனி அதில் ஏறவேண்டாம். ஆளில்லாமல் அது முன்னால் நடக்கும், மற்றவை பின்னால் வரும். உங்கள் மகள் விரும்பினால் அதன் காதருகே கதைத்துக்கொண்டு நடக்கலாம். எந்தப் பாசையானாலும் காரியமில்லை.

விடுதியிலிருந்து போகும் எந்தக் கடிதமும் மஹ்ரூபின் கையொப்பத்தோடுதான் போகும். அவருக்கு இங்கிலிசு தெரியாது. யோகமலர் தமிழில் வாசித்துக் காட்டுவாள், அவர் கையொப்பம் வைப்பார். மூன்றாம் பந்தியை வாசிக்காமல் விட்டாலும் அவர் அறியமாட்டார். அதை நான் சுட்டிக்காட்டினேன். எனக்கு வெட்கமில்லை, நான் கடிதம் எழுதுகிறவன்.

"அவர் என்னை நம்பித்தானே கையொப்பம் வைக்கிறார்" என்றாள். வாசிப்பேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. கடிதத்தை உறையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்று ஞாயிறு. நடந்தது இவ்வளவுதான். நாளை காலை எட்டரைக்கு மஹ்ரூப் விடுதிக் கந்தோரில் தன் மேசைக்குப் பின்னால் கதிரையில் இருப்பார். பேனை மூடியைக் கழற்றிவிட்டு, "வாசிங்க புள்ள" என்பார். அவள் முதலாம் பந்தியை வாசிப்பாள். இரண்டாம் பந்திக்கு அவர் அநேகமாகச் சிரிப்பார்.

அதற்குப் பிறகு என்னிடம் கேட்காதீர்கள். மூன்றாம் பந்தியை அவள் வாசிக்கிறாளா, வாசித்தால் அவர் என்ன சொல்கிறார் என்பதை நான் எழுதப்போவதில்லை. நான் எழுதினால் அது எனக்கு வசதியானதாகத்தான் வரும். அந்த அறையில் நின்று அவர் முகத்தைப் பார்க்கவேண்டியவர் நீங்கள்.

வெறுங்கையோடு அனுப்பவில்லை. யோகமலர் படலையைத் திறக்கும்போது சொன்ன ஒரு விடயம் மிஞ்சியிருக்கிறது. சாம்பல் குதிரையை லொறியில் ஏற்றிய அன்று மஹ்ரூப் அதன் பின்னால் நிலாவெளி றோட்டு முகப்புவரை, செருப்பில்லாமல், நடந்து போனாராம். பிறகு திரும்பி வந்து மதியச் சாப்பாடு வேண்டாமென்று சொன்னாராம். இதைக் கதையில் எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் தருகிறேன். வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.