கமலநாதன் கற்காமல் விட்டது

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றில், ஆட்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. பராமரிப்புக்கு வந்திருந்த கமலநாதன் குடித்துக்கொண்டிருந்த கோப்பியை அப்படியே வைத்துவிட்டு, படியேறி உச்சியிலிருந்த இயந்திர அறைக்கு ஓடினார்.

லிஃப்ட் கம்பெனியில் அவர் பழைய ஆள். ஆனால் இத்தனை வருடமும் செய்தது எண்ணெய் போடுவதும் தூசி துடைப்பதும்தான். கோர்சுக்குப் போகச் சொன்னால், "இதுவே போதும்லா, எதுக்கு வீண் தலைவலி?" என்று நழுவிவிடுவார். அவருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஜெயந்திரன் படித்துத் தேறி, இப்போது அவருக்கே சூப்பர்வைசர். அதிலும் கமலநாதனுக்கு வருத்தமில்லை.

இன்டர்காமை எடுத்தார். ஒரு பெண்ணின் குரல்.

"அண்ணே, நான் வசுந்தரா. உள்ள நான் மட்டும்தான். எனக்கு ஆஸ்துமா. இன்ஹேலர வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன்."

"பயப்படாதீங்கம்மா." சொன்னவர் குரல்தான் நடுங்கியது.

ஜெயந்திரனைக் கைப்பேசியில் பிடித்தார்.

"ஷா ஆலம்லேர்ந்து வந்துகிட்டிருக்கேன் அண்ணே, ஹைவே ஜாம். மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு, பிரேக்கக் கையால தளர்த்தி இறக்கணும். பண்ணியிருக்கீங்களா?"

"பாத்திருக்கேன், தம்பி."

"அப்ப பிரேக்கத் தொடாதீங்க, சுவிட்ச மட்டும் ஆஃப் பண்ணுங்க. கொஞ்சம் தப்பினாலும் லிஃப்ட் கைமீறிப் போயிரும். பொம்பாவக் கூப்பிடச் சொல்லுங்க."

சுவிட்சை அணைத்துவிட்டு, தீயணைப்புப் படையை அழைக்கும்படி காவலாளிக்குச் சொன்னார். அதன்பின் அவருக்குச் செய்யத் தெரிந்தது எதுவும் இல்லை. இன்டர்காமில் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணே... நீங்க மெக்கானிக்தானே? ஏதாச்சும் பண்ணுங்க."

கமலநாதன் பிரேக் நெம்புகோலைப் பிடித்தார். உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. லிஃப்ட் அவளோடு பாய்ந்துவிடுவது போல் கண்முன் தோன்ற, சுட்டதுபோல் கையை எடுத்தார். இன்டர்காமில் மூச்சுச் சத்தமும் தேய்ந்தது. "அம்மா, பேசுங்கம்மா" என்று கெஞ்சினார். பதிலில்லை.

பொம்பா வண்டியும் நெரிசலில் சிக்கியிருக்க, அதற்கு முன்னால் ஜெயந்திரன் ஓடிவந்தான். பிரேக்கைச் சிறுகச் சிறுகத் தளர்த்தி லிஃப்டை இறக்கினான். இருவரும் கீழே ஓடிக் கதவைத் திறந்தபோது, உதடு வெளுத்த வசுந்தரா சுவரோடு சாய்ந்து கிடந்தாள். அக்கம்பக்கத்தார் அவள் வீட்டிலிருந்து எடுத்துவந்த இன்ஹேலரை வாயில் வைத்தார்கள். நெஞ்சு மெல்ல ஏறி இறங்கியது. சற்றுப் பொறுத்துக் கண்ணைத் திறந்தவள், கமலநாதனைப் பார்த்து, "தேங்க்ஸ்ணே" என்றாள். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வாசலுக்கு வந்ததும் ஜெயந்திரனைக் கேட்டார். "அடுத்த கோர்ஸ் எப்ப, தம்பி?"

"பரீட்சையெல்லாம் இருக்குண்ணே. கஷ்டமா இருக்கும்."

"பயமாத்தான் இருக்கு. ஆனா இன்னிக்கிப் பட்ட பயத்த இன்னொருவாட்டி என்னால தாங்க முடியாது." கமலநாதன் திரும்பி லிஃப்டைப் பார்த்தார். "போதும் போதும்னு இருந்தத நல்ல குணம்னு நெனச்சிட்டிருந்தேன். வேலையில நாம வளராம நின்னா, நட்டம் நமக்கு மட்டும் இல்ல, தம்பி. நம்மள நம்பி இருக்கிற உசிருக்கும்தான்."