நாற்பத்தொன்றுக்கு நேரே ஒரு டிக்

மூன்றாவது சாவடியில் மேஜை என்று சொல்ல ஒரு பலகைதான் இருந்தது. அதன்மேல் இரண்டு தண்ணீர்க் கேன்கள், வெட்டி வைத்த ஆரஞ்சு, எண்கள் அச்சடித்த ஒரு தாள். ஊர் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் வாங்குவதற்காக அறுபது பேர் அன்று மலைப்பாதையில் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் ஓடினார்கள். தன்னைக் கடந்து போகிறவரின் எண்ணுக்கு நேரே டிக் போடுவது சாவடிக்காரரின் வேலை. அதற்கு மீட்டர்காரரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா? வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எண் எழுதுவதில் பத்தொன்பது வருஷ அனுபவம்.

அந்த அனுபவத்தில் ஒரு ரகசியமும் உண்டு. வீடு பூட்டியிருந்தால் மனிதர் காத்திருக்க மாட்டார். போன மாத எண்ணோடு குத்துமதிப்பாக எதையாவது கூட்டி எழுதிவிட்டு நடையைக் கட்டிவிடுவார். இதனால் யார் செத்தார்கள் என்று கேட்பார்.

நான்கு மணிக்கு மூடுபனி இறங்கியது. எதிரே இருந்த பாறை மறைந்தது. சற்று நேரத்தில் பாதையின் வளைவும் மறைந்தது. மேலே இரண்டாவது சாவடியிலிருந்து போன் வந்தது. "கடைசி அஞ்சு பேரும் இங்கேருந்து கிளம்பிட்டாங்க." அவர்களில் நான்கு பேர் வந்து போனார்கள். ஐந்தாவது ஆள் வரவில்லை. நாற்பத்தொன்றாம் எண். மீட்டர்காரரின் மச்சினன்தான், மனைவியின் ஒரே தம்பி, தையல்காரன்.

"சார், இன்னும் பத்து நிமிஷம் போனா ரோடே தெரியாது. இப்பவே கிளம்பலாம்," என்றார் அவரைக் கீழே அழைத்துப்போக வந்திருந்த ஜீப் டிரைவர்.

"அவன் எங்க போயிடப் போறான், பின்னாடியே வந்துடுவான்," என்று சொல்லிக்கொண்டே நாற்பத்தொன்றுக்கு நேரே டிக் போட்டார் மீட்டர்காரர். மேலே எங்கேயோ ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. காற்றாக இருக்கும் என்று ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஐந்தரை மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் ஐம்பத்தொன்பது பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். முடிவுக் கயிற்றருகே மீட்டர்காரரின் மனைவி கையில் துண்டோடு நின்றாள். ஓட்டத்தை நடத்திய மருந்துக்கடைக்காரர் தாளைப் புரட்டினார். "மூணாவது சாவடிய தாண்டியாச்சே! அப்போ கீழ்ப்பாதையிலதான் எங்கயோ விழுந்து கிடக்கணும்." டார்ச் விளக்குகளோடு பத்துப் பேர் கீழ்ப்பாதைக்கு ஓடினார்கள்.

அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"ஏங்க, நீங்க பாத்தீங்கல்ல? நல்லாத்தானே இருந்தான்?" என்று கேட்டாள் மனைவி.

"ம்... பாத்தேன். தண்ணி குடிச்சிட்டுத்தான் போனான்."

பாவி மனுஷன், கட்டியவளிடமே கூசாமல் சொன்னார். பனி மைதானத்துக்குள்ளும் வந்துவிட்டது. கீழ்ப்பாதையில் டார்ச் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக மங்கின. அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"என்னங்க இப்படி வேர்க்குது? மாத்திரை போட்டீங்களா இல்லையா?"

"என்ன மாத்திரை?"

"உங்க பிரஷர் மாத்திரைதான். வீட்டுலயே வச்சிட்டு விடியக்காலையில கிளம்பிட்டீங்க. மாமா கையில கொடுத்துடுடான்னு அவன்கிட்டதானே கொடுத்துவிட்டேன். தண்ணி குடிச்சான்னீங்களே, மாத்திரைய தரலையா?"

அவர் கை வெறும் சட்டைப் பையைத் தடவியது. அவள் முகம் மாறியது. துண்டு கையிலிருந்து நழுவியது.

"அவன் வரவே இல்ல," என்று அலறினார் மீட்டர்காரர். "நான் பாக்கல! பாக்காமலே டிக் போட்டேன்! மேல போய்த் தேடுங்க!"

சாவடியிலிருந்து இருநூறு அடிகூட மேலே இல்லை. பாதையோரப் பள்ளத்தில் கணுக்கால் முறிந்து, ஓடைத் தண்ணீரில் ஒரு காலை எடுக்க முடியாமல் கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. மூடிய கைக்குள் மாத்திரை அட்டை.

"கத்துனேன் மாமா," என்றான். "நீங்க ஜீப் கதவ சாத்துற சத்தம்கூட எனக்குக் கேட்டுச்சு."

எலும்பு கூடிவிடும் என்றார் மருத்துவர். ஆனால் அத்தனை நேரம் தண்ணீரில் விறைத்துக் கிடந்த அந்தக் கால் பழையபடி தையல் மிஷினை மிதிக்காது. அக்கா தம்பியின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். கணவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு பூட்டிய வீட்டின் முன்னால் மீட்டர்காரர் நின்றார். பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். "அவங்க வர சாயங்காலம் ஆகும் சார். எப்பவும் போல எதையாவது போட்டுட்டுப் போங்க."

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"இருந்து பாத்துட்டே எழுதுறேம்மா. பாக்காதத பாத்தேன்னு எழுதுறத நான் சின்ன விஷயம்னு நினைச்சேன். அது ஒரு உசிர கைவிடுற காரியம். என் மச்சினன் அங்க கத்திக்கிட்டு இருந்தப்போ, நான் அவன் பேருக்கு டிக் போட்டுக்கிட்டு இருந்தேன்."