மூன்று பத்துக்கு வருபவள்

காவலரின் மனைவி, நான்கு வருடமாக வீட்டில் கண் திறக்காமல் படுத்திருந்தவள், தினமும் பிற்பகல் மூன்று பத்துக்கு அணுமின் நிலையத்தின் இரட்டை வேலிக்குள் நுழைந்து, கணவரின் பக்கத்து நாற்காலியில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். கம்பி அவளைக் கீறவில்லை. கேமராவிலும் தெளிவாகவே விழுந்தாள், கலைந்த கூந்தலும் தலையணைத் தடம் பதிந்த கன்னமுமாக. வீட்டில் அவளைப் பார்த்துக்கொண்ட காவலரின் தங்கைக்கும் இதில் பெரிய ஆச்சரியமில்லை. அண்ணி கட்டிலைவிட்டு அசைவதே கிடையாது, ஆனால் சாயங்காலம் துடைக்கும்போது பாதமெல்லாம் வேலியோரத்துச் சரளைத் தூசி.

சிக்கல் வேலியின் அபாயமணியால் வந்தது. அது அலறினால் அவள் கலைந்துபோய்விடுவாள். அதனால் அந்தக் கால் மணி நேரம் மட்டும் காவலர் மணியை நிறுத்திவைத்தார். பதினொரு மாதம் இப்படியே ஓடியது. பிறகு ஒழுங்குமுறை ஆணையத்திலிருந்து பாதுகாப்பு ஆய்வாளர் வந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பதிவேடு பார்க்கிற பெண்மணி.

"உங்க வீட்டம்மா வர்றது எனக்குப் பிரச்சினையே இல்லைங்க. மணியை நிறுத்துனீங்க பாருங்க, அதுதான் தப்பு. அந்த நேரத்துல வேற எவனாவது நுழைஞ்சிருந்தா?"

காவலர் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "முழிச்சிருந்தப்ப அவகூட நான் உக்காந்ததே இல்ல மேடம். எப்பப் பாரு ஷிஃப்டு."

ஆய்வாளர் மணியின் சாவியைப் பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்தார். கூடவே வருகையாளர் அனுமதிக்கான விண்ணப்பம் ஒன்றையும் நீட்டினார். அன்றிரவு காவலர் கட்டிலருகே குனிந்து, "அனுமதி வர்ற வரைக்கும் வெளியவே நில்லும்மா" என்று சொன்னார்.

பின்னணி விசாரணை எட்டு மாதம் இழுத்தது. அத்தனை நாளும் மூன்று பத்துக்கு அவள் வெளிவேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள், மழையிலும் நனையாமல். சலித்துப்போய் ஒருநாள் வராமலே இருந்துவிடுவாளோ என்று அவர் மூன்று மணிக்கே கேமராத் திரை முன் போய் உட்காருவார். அவள் ஒருநாளும் தவறவில்லை. கடைசியில், தூங்குபவரைப் பற்றி அக்கம்பக்கத்தில் புகார் ஏதுமில்லை என்ற குறிப்போடு அனுமதி அட்டை வந்து சேர்ந்தது.

மறுநாள் அவள் பிரதான வாசல் வழியாக வந்தாள். இயந்திரத்தில் உள்ளங்கையை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. அட்டையின் பின்பக்கம் நிபந்தனை அச்சிட்டிருந்தது: வருகையாளர், உடன் வரும் ஊழியரின் கை எட்டும் தூரத்தைவிட்டு விலகக் கூடாது. காவலர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, எதற்கு வம்பு என்று அவள் கையையே பிடித்துக்கொண்டார்.